தண்ணிக்கு அடியில் போட்டோ: எந்த லென்ஸ், எந்த டோம் போர்ட்? புதுச்சேரி கடலுக்கு எது செட் ஆகும்? முழு விளக்கம்

2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரை கடலில், சுமார் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்ட படங்கள் செல்போன் செல்போனாகச் சுற்றின. தண்ணிக்குள் எடுக்கும் கல்யாண போட்டோ, நீச்சல் குளத்தில் ப்ரீ வெட்டிங் ஷூட் என்பதெல்லாம் இப்போது ஊர்ப்புற ஸ்டுடியோக்களிலும் கேட்கப்படும் ஐட்டம் ஆகிவிட்டது.

வில்லியனூரிலோ பாகூரிலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் நல்ல ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கிறது. கல்யாணத்துக்கு 24-70, 70-200 என இரண்டு ஜூம் லென்ஸ் இருக்கிறது. அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் கடல். ஒரு ஹவுசிங் வாங்கிப் போட்டால் போதும், தண்ணிக்குள் இறங்கிடலாம் என்று தோன்றும்.

சிக்கல் அங்கேதான். கேமராவை நனையாமல் காப்பது மட்டும் ஹவுசிங்கின் வேலை இல்லை. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் கூடு, அதாவது போர்ட், தண்ணிக்குள் இறங்கியதும் இன்னொரு லென்ஸாகவே மாறிவிடுகிறது. அது தட்டையா, குவிந்ததா, எத்தனை இன்ச் என்பதைப் பொறுத்து அதே கேமரா, அதே லென்ஸ் தரும் படம் தலைகீழாக மாறும்.

ஒரு டோம் போர்ட்டின் விலை பல ஆயிரத்தில் தொடங்கி, பெரிய கம்பெனி தயாரிப்பு என்றால் லட்சத்தையும் தாண்டும். ஒரு ஹவுசிங் கம்பெனியின் போர்ட் இன்னொரு கம்பெனி ஹவுசிங்கில் பெரும்பாலும் பொருந்தாது. தப்பாக வாங்கினால் பணம் முடங்கிவிடும். அதனால் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

தண்ணி செய்யும் வேலை என்ன?

டம்ளர் தண்ணியில் ஸ்பூன் போட்டால் வளைந்து தெரியும். கிணத்தை எட்டிப் பார்த்தால் தரை மேலே ஏறி வந்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒளிவிலகல்தான் இது.

காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1. தண்ணிக்கு 1.33. கேமரா இருப்பது ஹவுசிங்குக்குள், காற்றில். எடுக்கப்படும் மீனோ ஆளோ இருப்பது தண்ணியில். நடுவில் இருக்கும் கண்ணாடியைத் தாண்டும்போது வெளிச்சம் திசை மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை அந்தக் கண்ணாடியின் வடிவம்தான் முடிவு செய்கிறது.

ஃப்ளாட் போர்ட்: எதுக்கு நல்லது, எதுக்கு ஆகாது?

தட்டையான கண்ணாடி கொண்ட போர்ட்தான் ஃப்ளாட் போர்ட். இதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, நிஜ தூரத்தில் முக்கால்வாசி தூரத்திலேயே இருப்பதாகத் தெரியும். நீச்சல் கண்ணாடி போட்டுக் குளத்தில் முங்கினால், நம்ம கையே பெரிசாகத் தெரிவதும் இதனால்தான்.

பூச்சி சைஸ் உயிரினங்களை எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்கு இது லாபம். சின்னது கொஞ்சம் பெரிதாகத் தெரிவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதனால்தான் 60 மி.மீ., 100 மி.மீ., 105 மி.மீ. மேக்ரோ லென்ஸுகளுக்கு இன்றுவரை ஃப்ளாட் போர்ட்தான்.

வைட் ஆங்கிள் லென்ஸுக்கோ இது பெரிய அடி. ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 107 டிகிரி பார்க்கும். ஃப்ளாட் போர்ட்டுக்குப் பின்னால் வைத்துத் தண்ணிக்குள் போனால் அது ஏறக்குறைய 74 டிகிரியாகச் சுருங்கிவிடும். எவ்வளவு அகலமான லென்ஸ் போட்டாலும் ஃப்ளாட் போர்ட் வழியாக 97 டிகிரிக்கு மேல் பார்க்கவே முடியாது. இது கண்ணாடியின் தரம் சம்பந்தப்பட்டது இல்லை, ஒளியின் விதி.

அதோடு படத்தின் ஓரங்கள் இழுபடும். மூலைகளில் சிவப்பு, நீலக் கோடுகள் பிரிந்து தெரியும்.

டோம் போர்ட் எப்படிச் சரிசெய்கிறது?

பாதி உருண்டை மாதிரிக் குவிந்திருப்பது டோம் போர்ட். உருண்டையின் மையத்தில் லென்ஸின் 'கண்' இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சமும் கண்ணாடியை நேராகவே குத்தும். நேராகக் குத்தும் வெளிச்சம் வளையாது. அதனால் லென்ஸின் முழு அகலமும் தண்ணிக்குள்ளும் அப்படியே கிடைக்கும். நிறப் பிரிவும் குறையும்.

இதனால் என்ன லாபம்? துடுப்புக் காலணியோடு நீட்டி நீந்தும் ஒரு டைவர் சுமார் 2.2 மீட்டர் நீளம் இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து 1 மீட்டர் தூரத்தில் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்ற கணக்கு இது:

• 16 மி.மீ. லென்ஸ், டோம் போர்ட்: சுமார் 2.25 மீட்டர். முழு ஆளும் அடங்குவார்.
• 16 மி.மீ. லென்ஸ், ஃப்ளாட் போர்ட்: சுமார் 1.36 மீட்டர்.
• 24 மி.மீ. லென்ஸ், டோம் போர்ட்: 1.5 மீட்டர்.
• 24 மி.மீ. லென்ஸ், ஃப்ளாட் போர்ட்: சுமார் 1 மீட்டர்.
• 70 மி.மீ. லென்ஸ், ஃப்ளாட் போர்ட்: சுமார் 38 செ.மீ. முகம் மட்டும்தான்.

"அடங்கலைன்னா என்ன, கொஞ்சம் பின்னாடி போய் எடுத்துக்கலாமே?" என்று கேட்கலாம். தரையில் அது சரி. தண்ணிக்குள் பின்னால் போகும் ஒவ்வொரு அடிக்கும் நடுவே கலங்கல் தண்ணி வந்து நிற்கும். 70 மி.மீ. லென்ஸில் அதே டைவரை முழுசாக எடுக்க ஏறக்குறைய 5.8 மீட்டர் தள்ளிப் போகணும். புதுச்சேரி கடலில் பல நாட்களில் அந்தத் தூரத்துக்கு ஆளே நிழலாகத்தான் தெரிவார்.

இங்கேதான் ட்விஸ்ட்: டோம் காட்டும் மாய பிம்பம்

டோம் போர்ட் சும்மா ஒரு ஜன்னல் இல்லை. தண்ணிக்குள் அது ஒரு குழி லென்ஸ் மாதிரி வேலை செய்கிறது. தூரத்தில் இருக்கும் பொருளையும் டோமுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் மாய பிம்பமாக மாற்றிக் காட்டுகிறது. கேமரா ஃபோகஸ் செய்வது நிஜ மீனை இல்லை, அந்தப் பிம்பத்தை.

கணக்கு எளிது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பதுகூட, டோமின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தெரியும்.

பாதி உருண்டையாக இருக்கும் 8 இன்ச் டோமின் விட்டம் சுமார் 20 செ.மீ., ஆரம் 10 செ.மீ. அதனால் எவ்வளவு தூரத்தில் இருக்கும் பொருளும் டோமிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் வந்து நிற்கும். 1 மீட்டர் தூரத்தில் நீந்தும் ஆளின் பிம்பம் 21 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதாவது, 1 மீட்டருக்கு அப்பால் உள்ள மொத்தக் கடலும் லென்ஸுக்கு வெறும் 9 செ.மீ. இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

4 இன்ச் டோம் என்றால் இன்னும் நெருக்கம். கடலே 15 செ.மீ. தூரத்தில் வந்து நின்றுவிடும்.

அதனால் லென்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம், அது எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதுதான். லென்ஸ் மீது எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது, லென்ஸ் முனையிலிருந்து இல்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைட் ஜூம் லென்ஸுக்கு 28 முதல் 30 செ.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் 8 இன்ச் டோமில் நிம்மதியாக வேலை செய்யலாம். அவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகாத பழைய லென்ஸ் என்றால், முன்னால் பிளஸ் 2, பிளஸ் 4 போன்ற க்ளோஸ்அப் ஃபில்டர் மாட்டிச் சமாளிப்பார்கள்.

4 இன்ச்சா, 8 இன்ச்சா?

டோம் சின்னதாக ஆக, மாய பிம்பம் பக்கத்தில் வரும், அதன் வளைவும் அதிகமாகும். சாதாரண வைட் லென்ஸ் ஒரு தட்டையான சுவரைப் படம் பிடிக்கிற மாதிரிதான் வடிவமைக்கப்பட்டிருக்கும். வளைந்த பிம்பத்தைக் கொடுத்தால் நடுவில் கூர்மை, மூலையில் மங்கல் என்று ஆகிவிடும். பெரிய டோமில் இந்த வளைவு குறைவு. அதனால்தான் 16-35 போன்ற நேர்கோட்டு வைட் லென்ஸுக்கு 8 அல்லது 9 இன்ச் டோம் கேட்கிறார்கள்.

ஃபிஷ்ஐ லென்ஸ் கதை வேறு. 180 டிகிரி பார்க்கும் இந்த லென்ஸுகள் மிகப் பக்கத்திலும் ஃபோகஸ் ஆகும். கேனன் 8-15, நிக்கான் 8-15 இரண்டுமே 16 செ.மீ. அளவிலேயே ஃபோகஸ் ஆகிவிடும். சின்ன சென்சார் கேமராக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் டோக்கினா 10-17 லென்ஸ் 14 செ.மீ. வரை நெருங்கும். வளைந்த பிம்பத்தையும் ஃபிஷ்ஐ நன்றாகவே சமாளிக்கும். அதனால் 4 இன்ச் டோமே இதற்குப் போதும்.

சைஸ் விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 8 இன்ச் பாதி உருண்டைக்குள் சுமார் 2 லிட்டர் காற்று இருக்கும். தண்ணிக்குள் அது ஏறக்குறைய 2 கிலோ விசையோடு கேமராவின் மூக்கை மேலே தூக்கும். லேசான டோமாக இருந்தால் ஒரு மணி நேரம் அதைக் கீழே அழுத்திப் பிடிப்பதிலேயே மணிக்கட்டு போய்விடும். 4 இன்ச் டோமுக்குள் இருப்பது கால் லிட்டர் சொச்சம்தான். நீரோட்டம் உள்ள கடலில் இந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

கடையில் 8 இன்ச் என்று விற்கும் எல்லா டோமும் முழுப் பாதி உருண்டை இல்லை என்பதும் முக்கியம். சில, பெரிய உருண்டையிலிருந்து வெட்டிய துண்டுகள். விட்டத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

ஃபிஷ்ஐயா, நேர்கோட்டு வைட் லென்ஸா?

ஃபிஷ்ஐ நேர்கோடுகளை வளைத்துவிடும். கடலுக்குள் நேர்கோடு ரொம்பக் குறைவு. பாறை, மீன் கூட்டம், மேலே நிற்கும் படகு எல்லாமே வளைந்தாலும் யாருக்கும் தெரியாது.

நீச்சல் குளத்தில் அப்படி இல்லை. டைல்ஸ் கோடு, படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி எல்லாம் வில்லாக வளையும். கேமராவை நோக்கி நீட்டிய கை, முகத்தைவிடப் பெரிதாகிவிடும். கல்யாணப் பெண்ணின் முகத்தை ஃபிரேமின் ஓரத்தில் வைத்தால் ஆல்பம் வாங்க வரும்போது பிரச்சினைதான்.

சுருக்கமாக: குளத்தில் ஆட்களை எடுக்க 16-35 போன்ற நேர்கோட்டு லென்ஸும் பெரிய டோமும். கடலில் பாறை, மீன் எடுக்க ஃபிஷ்ஐயும் சின்ன டோமும்.

கையில் இருக்கும் 24-70, 70-200 என்ன ஆகும்?

70-200 லென்ஸைக் கரையிலேயே விட்டுவிடலாம். தூரத்திலிருந்து இழுத்து எடுப்பது என்ற யோசனையே தண்ணிக்குள் செல்லாது.

24-70 லென்ஸைப் பெரிய டோமில் போட்டால், நீச்சல் குளத்தின் தெளிந்த தண்ணியில் ஒருவரின் படம் எடுக்கும் அளவுக்கு ஓரளவு உதவும். கடலில் அது இரண்டும்கெட்டான். பெரிய காட்சிக்கு அகலம் போதாது, சின்ன உயிரினத்துக்கு நெருக்கம் போதாது.

முதலில் வாங்க ஒரே ஒரு லென்ஸ்தான் முடியும் என்றால், கல்யாண வேலைக்கும் பயன்படும் 16-35 வகை பொருத்தமான முதலீடு. தரையிலும் தினமும் வேலை செய்யும்.

மூலை மங்கலா? அப்பர்ச்சரைப் பாருங்க

கல்யாண மண்டபத்தில் எஃப் 2.8-ல் எடுத்துப் பழகியவர்கள் முதல் நாள் தண்ணிக்குள் ஏமாறுவது இங்கேதான். வளைந்த மாய பிம்பத்தை மூலை வரை கூர்மையாக்க அப்பர்ச்சரைக் குறுக்க வேண்டும்.

• ஃபுல் ஃபிரேம், நேர்கோட்டு வைட் லென்ஸ்: எஃப் 11 முதல் எஃப் 16 வரை.
• சின்ன சென்சார் கேமரா: எஃப் 8 அளவு.
• ஃபிஷ்ஐ: எஃப் 8 முதலே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். லென்ஸின் 'கண்' டோமின் மையத்தில் உட்கார வேண்டும். முன்னாலோ பின்னாலோ நகர்ந்திருந்தால் டோம் போட்ட பலன் குறைந்து, ஓரங்கள் மறுபடி இழுபட ஆரம்பிக்கும். இதைச் சரிசெய்யத்தான் ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் ரிங் என்ற வளையம் போடுகிறார்கள். எந்த லென்ஸுக்கு எத்தனை மி.மீ. வளையம் என்ற அட்டவணையை ஹவுசிங் கம்பெனிகளே வெளியிடுகின்றன. டோமை ஆர்டர் செய்யும் முன் அந்த அட்டவணையைப் பார்ப்பது கட்டாயம். அட்டவணையில் இல்லாத லென்ஸ் என்றால் யோசிக்க வேண்டும்.

புதுச்சேரி கடலுக்கு எது பொருந்தும்?

படங்களில் பார்க்கும் மாலத்தீவு, லட்சத்தீவு தண்ணி வேறு, இந்தக் கரை வேறு.

வில்லியனூர் வழியாக வரும் சங்கராபரணி ஆறு புதுச்சேரி நகருக்குத் தெற்கே கடலில் சேர்கிறது. பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணி கொடுக்கும் தென்பெண்ணை, கடலூர் பக்கம் கடலில் கலக்கிறது. வயலுக்கு வண்டல் கொண்டுவரும் இதே ஆறுகள்தான், மழைக்காலத்தில் கடலுக்கும் அந்த வண்டலைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடல் செம்மண் நிறத்துக்கு மாறுவதை நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் புதுக்குப்பம் மீனவ கிராமங்களில் இருப்பவர்கள் கரையில் நின்றே பார்க்கலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதி கிராமங்களைச் சூழ்ந்தது. அப்படி ஒரு வெள்ளம் கடலில் கலந்த பிறகு எவ்வளவு விலையுள்ள டோமும் உதவாது.

வெயில் காலத்தில் கரையிலிருந்து படகில் சில கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை மாறும். டைவிங் செய்பவர்கள் போகும் டெம்பிள் ரீஃப் என்ற செயற்கைப் பாறை சுமார் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கேயும் தெளிவு நாளுக்கு நாள் மாறும்.

எவ்வளவு பக்கத்தில் போக வேண்டும் என்பதற்குத் தண்ணிக்குள் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 5 மீட்டர் வரை தெரிகிறது என்றால், எடுக்கும் பொருள் 1 மீட்டருக்குள் இருக்கணும். 2 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 40 செ.மீ.

இதை வைத்து லென்ஸை முடிவு செய்யலாம்:

• 10 மீட்டருக்கு மேல் தெளிவு: 16-35 லென்ஸ், பெரிய டோம். பாறையும் டைவரும் சேர்ந்த பெரிய காட்சி.
• 4 முதல் 8 மீட்டர்: ஃபிஷ்ஐ, சின்ன டோம். பொருளை ஒட்டிப் போய், பின்னணியோடு சேர்த்து எடுப்பது.
• 3 மீட்டருக்குக் கீழே: மேக்ரோ லென்ஸ், ஃப்ளாட் போர்ட். சின்ன மீன், நண்டு, பாறையில் ஒட்டிய உயிரினங்கள்.

படகு கிளம்பும் முன் கரையிலேயே இதை முடிவு செய்தாக வேண்டும். தண்ணிக்குள் போய் போர்ட்டைக் கழற்ற முடியாது. அன்றைய தண்ணி எப்படி என்று காலையில் வலை இழுத்துத் திரும்பிய மீனவர்களிடமும் டைவிங் பயிற்சியாளரிடமும் கேட்பதுதான் உருப்படியான வழி.

வெளிச்சத்திலும் கவனம் வேண்டும். தண்ணி முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு வெளுத்துப்போகும். கூறைப்புடவை பழுப்பாகத் தெரியும். ஸ்ட்ரோப் ஃப்ளாஷ் அடித்தால்தான் நிறம் திரும்பும். ஆனால் ஃப்ளாஷை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மிதக்கும் தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் படத்தில் கொட்டும். இரண்டு ஃப்ளாஷையும் அகலமாக விரித்து, டோமின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் வைப்பது நல்லது.

பாதி தண்ணி, பாதி வானம்: கிராமத்துக் குளமே போதும்

கீழே அல்லித் தண்டும் மீனும், மேலே பனைமரமும் வானமும். இப்படி ஒரே ஃபிரேமில் எடுக்கும் படத்துக்குக் கடல் வேண்டியதே இல்லை. தெளிந்த தண்ணி உள்ள ஊர்க் குளத்தின் படிக்கட்டில் நின்று, கையை நீட்டியே எடுக்கலாம்.

இந்த வகைப் படத்துக்குப் பெரிய டோம்தான் ராஜா. தண்ணிக்கோடு டோமில் ஏறி இறங்கும்போது, 4 இன்ச் டோமில் ஒரு சின்ன அலைகூட பாதிப் படத்தை மூடிவிடும். 8 இன்ச் டோமில் அதே அலை மெல்லிய கோடாகத்தான் தெரியும்.

ஃபோகஸை எப்போதும் கீழ்ப்பாதியில் வையுங்கள். அங்கே மாய பிம்பம் 30 செ.மீ.க்குள், மேலே பனைமரம் நிஜ தூரத்தில். எஃப் 11 முதல் எஃப் 16 வரை குறுக்கினால் இரண்டும் ஓரளவு சேரும். டோமை ஒருமுறை முக்கித் தூக்கி, தண்ணிப் படலம் துளித்துளியாக உடைவதற்குள் க்ளிக் செய்வது பழைய டெக்னிக்.

ஊசுடு ஏரி 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் தண்ணிக்குள் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்தாலும் எந்தக் குளத்திலும் தனியாக இறங்க வேண்டாம். கேமராவைப் பார்த்துக்கொண்டே பின்னால் அடியெடுத்து வைப்பதுதான் பெரிய ஆபத்து.

அக்ரிலிக்கா, கண்ணாடியா?

அக்ரிலிக் டோம் லேசானது, விலை குறைவு. சீக்கிரம் கீறல் விழும். ஆனால் வெளிப்பக்கக் கீறலுக்குள் தண்ணி நிரம்பிவிடுவதால் தண்ணிக்குள் அது அவ்வளவாகத் தெரியாது. நுண்ணிய பாலிஷ் தாள் வைத்துத் தேய்த்து எடுத்துவிடவும் முடியும்.

கண்ணாடி டோம் கனம், விலையும் அதிகம். சுலபத்தில் கீறாது. உள்ளே வெளிச்சப் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இருக்கும். ஆழமாகக் கீறிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

பாதி தண்ணி, பாதி வானம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணிக்குள் மறைந்த அக்ரிலிக் கீறல், மேல்பாதியில் வெயில் பட்டதும் பளிச்சென்று தெரியும்.

டோமை நெருக்கமாகக் கொண்டுபோகும்போது பாறையில் உரசுவது கேமராவுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. தண்ணிக்குள் ஆடாமல் மிதக்கப் பழகிய பிறகுதான் கேமராவைக் கையில் எடுக்க வேண்டும்.

கோப்ரோ, சின்ன கேமரா வைத்திருப்பவர்கள்?

'குவிந்த கண்ணாடி என்றாலே நல்லது' என்பது பொய் என்று காட்டியதே கோப்ரோதான். ஆரம்பகால கோப்ரோ ஹவுசிங்கில் லென்ஸுக்கு முன்னால் குவிந்த கண்ணாடி இருந்தது. தண்ணிக்குள் படம் மங்கியது. காரணம், கேமராவின் ஃபோகஸ் நிலையானது. கண்ணாடி காட்டிய மிகப் பக்கத்து மாய பிம்பத்தை அதால் பிடிக்க முடியவில்லை. பிறகு கம்பெனியே தட்டைக் கண்ணாடிக்கு மாறியது.

ஆன்லைனில் கிடைக்கும் 6 இன்ச் கோப்ரோ டோம்கள் பாதி தண்ணி, பாதி வானம் படத்துக்கு நன்றாக இருக்கும். முழுக்கத் தண்ணிக்குள் எடுக்கும் படத்துக்கு டோமைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்து, எது கூர்மை என்று ஒப்பிடுவது நல்லது.

ஒலிம்பஸ் டிஜி-6 போன்ற சின்ன கேமரா ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும். லென்ஸ் முனையிலிருந்து 1 செ.மீ. தூரத்தில்கூட ஃபோகஸ் ஆகும். கலங்கல் தண்ணியில் சின்ன உயிரினம் எடுக்க, லட்ச ரூபாய் செட்டை விட இது கை கொடுக்கும் நாட்களும் உண்டு.

மூன்றாவது வழி, வெட் லென்ஸ். ஃப்ளாட் போர்ட்டின் வெளியே, தண்ணிக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் லென்ஸ் இது. தண்ணியைத் தொட்டபடியே வேலை செய்யும் வகையில் வடிவமைத்திருப்பதால் மூலை மங்கல் குறைவு. 1963-ல் நிக்கான் வெளியிட்ட நிக்கோனாஸ் கேமராவுக்கு வந்த 15 மி.மீ. லென்ஸும் இப்படித் தண்ணியைத் தொட்டே வேலை செய்தது. இன்று நௌட்டிகாம் டபிள்யூடபிள்யூஎல்-1 போன்ற வெட் லென்ஸ்கள் 28 மி.மீ. லென்ஸை 130 டிகிரி பார்க்க வைக்கின்றன. ஒரே டைவில் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் உள்ளதையும் எடுக்கலாம் என்பது கூடுதல் வசதி. தண்ணிக்கு மேலே இது வேலை செய்யாது. பாதி வானம் படத்துக்கு ஆகாது.

ஒரு தலைமுடி போதும், கேமரா காலி

10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 மீட்டரில் ஹவுசிங் மேல் இருக்கும் அழுத்தம், தரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. அதைத் தடுத்து நிறுத்துவது ஓ-ரிங் என்ற மெல்லிய ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் மாட்டினாலும் உப்புத்தண்ணி உள்ளே வந்துவிடும்.

ஒவ்வொரு முறை போர்ட் மாற்றும்போதும் செய்ய வேண்டியவை:

• ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து, விரலால் தடவிப் பார்க்கணும்.
• கம்பெனி சொன்ன கிரீஸை மட்டும், பளபளப்பு வரும் அளவுக்குத் தடவினால் போதும். அப்பினால் தூசி ஒட்டும்.
• கடற்கரை மணலில் உட்கார்ந்து போர்ட் மாற்றக் கூடாது. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.
• புதிதாக வாங்கிய அல்லது மாற்றிய போர்ட்டை, கேமரா இல்லாமல் காலி ஹவுசிங்கில் மாட்டி, உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து பக்கெட் தண்ணியில் அமுக்கிப் பார்க்கணும். பேப்பர் நனைந்தால் ஓ-ரிங்கைப் பார்க்க வேண்டும்.
• திரும்பியதும் நல்ல தண்ணியில் ஊற வையுங்கள். கடலோர கிராமங்களில் சில இடங்களில் போர் தண்ணியே உப்புக் கரிக்கும். அதில் கழுவிப் பிரயோஜனம் இல்லை.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எந்தத் தண்ணியில் அதிகம் எடுக்கப் போகிறீர்கள்? நீச்சல் குளமா, ஊர்க் குளமா, கடலா?
2. எடுக்கப் போவது ஆட்களையா, காட்சியையா, சின்ன உயிரினத்தையா?
3. கையில் இருக்கும் லென்ஸ் எவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகும்?
4. ஹவுசிங் கம்பெனியின் போர்ட் அட்டவணையில் அந்த லென்ஸ் இருக்கிறதா? எந்த வளையம் வேண்டும்?
5. டோம் முழுப் பாதி உருண்டையா, வெட்டிய துண்டா? அக்ரிலிக்கா, கண்ணாடியா?
6. அந்த டோமோடு ஒரு மணி நேரம் தண்ணிக்குள் கையால் தாங்க முடியுமா?

முடிந்தால் வாங்கும் முன் டைவிங் சென்டரிலோ, ஏற்கெனவே செட் வைத்திருக்கும் நண்பரிடமோ ஒரு நாள் வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இந்த ஆறில் முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்ற ஐந்தையும் கேட்டுப் பயனில்லை. வருஷம் முழுக்க நீச்சல் குள ஷூட்தான் என்றால் பெரிய டோமில் போடும் பணம் திரும்ப வரும். மழைக்காலக் கடலை நம்பி அதே டோமை வாங்கினால், அது அலமாரியில்தான் இருக்கும்.